அப்பா ஏன் கைத்தடியைத் தொட மறுக்கிறார்?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி ஒரு கைத்தடியைப் பற்றியது. 71 வயது அப்பா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறார். வலது மூட்டு தேய்ந்திருக்கிறது, கைத்தடி பிடியுங்கள் என்று டாக்டர் சொன்னார். காது மந்தமாகிவிட்டதால் காது மிஷினும் வாங்கியாயிற்று. இரண்டும் பீரோவுக்குள் இருக்கின்றன. வெயிலோ மழையோ, வெளியே கிளம்பினால் குடையை ஊன்றிக்கொண்டு போகிறார். கேட்டால், “ஊர்ல என்னை நொண்டி வாத்தியார்னு கூப்பிடணுமா?” என்கிறார். இது வயதாகிறதே என்ற பயமா, ஊனமுள்ளவர்கள் மேல் அவருக்கு இருக்கும் இளக்காரமா, அல்லது இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அவர் தடி ஊன்றி நடப்பதைப் பார்க்க எனக்கே மனசு வரவில்லை.” உங்களுடைய உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவின் கூச்சம் எங்கிருந்து வந்தது, அது ஏன் உங்களிடமும் இருக்கிறது?

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டு வலி, பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, போலியோ என்று வருகிறவர்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். மனநல மருத்துவம் என் படிப்பு அல்ல. அதனால் மனதைப் பற்றிப் பேசும் இடங்களில் எது ஆய்வு சொன்னது, எது நான் பார்த்தது என்று பிரித்தே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. முதுமையைப் பற்றிய பயத்தில் நியாயமான பங்கு ஒன்று உண்டு. ஆனால் உங்கள் அப்பாவைக் குடை பிடிக்க வைப்பது அது இல்லை. சின்ன வயதிலிருந்து ஊனமுள்ளவர்களைப் பற்றி நாம் கற்றுக்கொண்ட இளக்காரம் வயதான பிறகு நம் உடம்பின் மேலேயே திரும்புகிறது. அவருக்கு இப்போது நடப்பது அதுதான்.

இப்படி நான் நினைப்பதற்கு முதல் காரணம் மூக்குக்கண்ணாடி. உங்கள் அப்பா நிச்சயம் கண்ணாடி போட்டிருப்பார். பல்செட்டும் இருக்கலாம். கண் பார்வை குறைந்ததை ஊருக்கே காட்டும் பொருள் அது, மூக்கின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, அதில் அவருக்குத் துளியும் வெட்கமில்லை. உலக சுகாதார நிறுவனம் உதவிக் கருவிகள் என்று போடும் பட்டியலில் கண்ணாடி, கைத்தடி, காது மிஷின், சக்கர நாற்காலி எல்லாம் ஒன்றாகத்தான் வருகின்றன. உடம்பு தளர்வதுதான் வெட்கம் என்றால் கண்ணாடிக்கும் வெட்கப்பட வேண்டும். கண்ணாடி போட்டவரை நம் ஊர் படித்தவர் என்று பார்க்கிறது. தடி ஊன்றியவரையும் காதில் மிஷின் மாட்டியவரையும் வேறொரு கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவராவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. என்னிடம் வந்து கைத்தடி வேண்டாம் என்றவர்களில் அது உதவாது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. “நாலு பேர் பார்ப்பாங்களே” என்றுதான் சொல்வார்கள். அவர்களே ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், தடியை எடுத்துக்கொள்வதாக வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இளக்காரம் எப்படி ஊறியது என்று தேடிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூப்பிட்டவுடன் திரும்பாத பிள்ளையிடம் “என்ன, செவிடா?” என்கிறோம். கல் தட்டி விழுந்தால் “கண்ணு என்ன குருடா?” என்கிறோம். தெருவில் கால் தாங்கி நடப்பவரின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது, அவர் சாகும்வரை அது போவதில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது இன்னார் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்பார்கள். இதையெல்லாம் கேட்டு, சிலவற்றைத் தானே சொல்லியும் வளர்ந்த ஒருவருக்கு 70 வயதில் காது மந்தமானால், அவர் அறுபது வருடமாக அந்தச் சொல்லுக்குக் கொடுத்த அர்த்தத்தோடுதான் அதைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. கால் தாங்கி நடக்கும் பக்கத்து வீட்டுக்காரரை அப்பா பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் “நொண்டி வாத்தியார்” என்ற பெயரை யாரும் இன்னும் அவருக்கு வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார்.

ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் “அரிது அரிது மானிடராதல் அரிது” நம் எல்லோருக்கும் தெரியும். மனிதராய்ப் பிறந்தாலும் கூன், குருடு, செவிடு முதலானவை நீங்கிப் பிறப்பது அரிது என்று அடுத்து வருகிறது. என் வேலையில் இருந்துகொண்டு அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். எலும்பு மெலிந்து முதுகு வளைவது, கண்புரை விழுவது, காது அடைப்பது: தினமும் எங்களிடம் வரும் முதியவர்களின் குறைகளைச் சொல்லும் பட்டியல்தான் அது. பிறப்பிலேயே வந்தால் குறைப்பிறவி என்று ஒதுக்கிய அதே மூன்றும், போதுமான காலம் உயிரோடு இருந்தால் பெரும்பாலோரை ஏதாவது ஓர் அளவில் வந்து சேர்கின்றன.

எண்களில் பார்த்தால் நாம் எப்படி ஒளிகிறோம் என்று இன்னும் தெளிவாகத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லா வயதிலும் சேர்த்து ஊனமுள்ளவர்கள் சுமார் 11.8 லட்சம். அதே கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 75 லட்சம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேட்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கணக்கை நம் மாநிலத்துக்குப் போட்டால் காது மட்டுமே 18 லட்சத்தைத் தாண்டிவிடும். அளவுகோல்கள் வேறு வேறு, உலகச் சராசரியை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்தக் கூடாது, இதெல்லாம் சரி. எத்தனை தள்ளுபடி செய்தாலும் இந்த இடைவெளி மூடாது. கணக்கெடுப்பு அலுவலர் வாசலில் நின்று கேட்கும்போது தாத்தாவின் காது “வயசுக்குண்டான கோளாறு” ஆகிவிடுகிறது, யாரும் அதை ஊனம் என்று எழுதச் சொல்வதில்லை. அரசும் அப்படியே பிரித்துவைத்திருக்கிறது. ஊனமுள்ளவர்களுக்கு உதவிக் கருவி கொடுக்கும் ஏ.டி.ஐ.பி. திட்டம் 1981 முதல் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று ஒன்று 2017-இல் வந்தது. இரண்டிலும் கைத்தடி உண்டு, காது மிஷின் உண்டு. எந்தப் பெயரில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்பதும் ஒரு விஷயம்தான், அதனால் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முகாமுக்கு வரச் சொன்னால் “அது அவங்களுக்கு, எனக்கு எதுக்கு?” என்று ஒதுங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவரைப் பார்த்ததும் நம் சாவும் தளர்ச்சியும் நினைவுக்கு வருவதால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம் என்று ஒரு விளக்கம் உண்டு. சாவு பற்றிய பயம்தான் நம் பல வெறுப்புகளுக்கு அடியில் இருக்கிறது என்று 1980-களில் அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று பேர் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து கிளைத்தது அது. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் பல நேரம் உண்மை போலத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கோட்பாட்டின் அடிப்படைச் சோதனைகளில் ஒன்றைப் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. எனவே அதை ஓர் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கோட்பாடு இதைவிட உறுதியான தரையில் நிற்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி, இளமையில் முதியவர்களைப் பற்றி நாம் உள்வாங்கும் எண்ணங்கள் நமக்கு வயதாகும்போது நம்மைப் பற்றிய எண்ணங்களாக மாறுகின்றன என்கிறார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த தரவை வைத்து 2002-இல் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், தன் முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அவரே செய்த இன்னோர் ஆய்வில், முதியவர்களைப் பற்றி மோசமான எண்ணம் வைத்திருந்த முதியவர்களுக்கு மூன்று ஆண்டில் காது கேட்கும் திறன் அதிகமாகக் குறைந்திருந்தது. ஒன்றோடொன்று சேர்ந்து வருவதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. நல்ல எண்ணம் உள்ளவர்கள் நடைப்பயிற்சி செய்வார்கள், டாக்டரிடம் போவார்கள், மிஷினை மாட்டிக்கொள்வார்கள். அந்த வழியாகவும் பலன் வந்திருக்கலாம். உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு அந்த வழிதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மிஷின் பீரோவில் இருக்கிறது. லெவி பேசுவது முதுமையைப் பற்றிய எண்ணங்களை. ஊனத்தைப் பற்றிய எண்ணங்களும் இதே பாதையில்தான் திரும்பி வருகின்றன என்பது நான் பார்த்ததை வைத்துச் சொல்வது.

நியாயமான பங்கு உண்டு என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்ல வேண்டும். வலி உண்மை. “கையும் காலும் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்”, “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது” என்று முதியவர்கள் சொல்வதை வெறும் மனத்தடை என்று தள்ளிவிடக் கூடாது. படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றன. ஆள் இருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் ஒரே ஒரு மருமகள் அல்லது மகள், அவள் இடுப்பு ஒடிவதை நான் பார்க்கிறேன். உதவிக்கு ஆள் வைக்கும் செலவு பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. இந்தப் பயத்துக்கு ஆறுதல் வார்த்தை போதாது, பணமும் ஆளும் வேண்டும். ஆனால் இந்தப் பயம் தடியைப் பீரோவில் வைக்கச் சொல்லாது, எடுக்கச் சொல்லும். விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால்தான் அவர் பயப்படும் அந்தப் படுக்கை வரும். பாரமாகிவிடக் கூடாது என்று நினைப்பவர், பாரமாகாமல் காப்பாற்றும் பொருளையே தள்ளிவைக்கிறார் என்றால், அங்கே பயத்தைவிட வலுவான ஏதோ ஒன்று வேலை செய்கிறது.

இளக்காரமும் முதுமைப் பயமும் ஒன்றையொன்று வளர்ப்பதை ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். முப்பது வயதுக்காரருக்குப் பக்கவாதம் வந்தால் குடும்பமே ஓடிவந்து, எத்தனை மாதமானாலும் பயிற்சி கொடுங்கள் என்கிறது. எழுபது வயதில் வந்தால், “இந்த வயசுல இனிமே என்ன?” என்று பயிற்சியைப் பாதியில் நிறுத்துகிறார்கள். முழங்கால் வலிக்கிறது என்றால் “வயசாச்சுல்ல” என்று பதில் வருகிறது, சில நேரம் மருத்துவரிடமிருந்தே. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் வயதை வைத்து ஒருவரைக் குறைவாக நடத்துவதற்கு 1969-இல் ‘ஏஜிசம்’ என்று தனியாக ஒரு பெயரே வைத்தார். அந்த முப்பது வயதுக்காரருக்கும் இதில் நன்மை இல்லை. அவர் முழுக்கக் குணமாகாமல் கால் தாங்கியே வீடு திரும்பினால், வாழ்க்கையே போய்விட்டது என்று அழுகிறார்கள். நடை முழுசாகத் திரும்பாவிட்டால் மிச்சமிருப்பது வாழ்க்கையே இல்லை என்ற ஒரே எண்ணம்தான் இருவரையும் தாக்குகிறது.

இந்த எண்ணம் தவறு என்பதற்கு என் மனதில் முதலில் வருபவர் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, கை விரல்கள் கோணி நிரந்தரமாக வளைந்துவிட்டன. மகப்பேறு மருத்துவராக நினைத்தவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களுக்குள் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற கையோடு, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை போய், இனி அவ்வளவுதான் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்ட எத்தனை கிழவர்களும் கிழவிகளும் அந்த விரல்களால் மறுபடி பார்த்திருப்பார்கள்! எல்லோராலும் அவரைப் போல ஆக முடியும் என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்படி எதிர்பார்ப்பதும் ஊனமுள்ளவர்களுக்குச் செய்யும் இன்னொரு கொடுமைதான். கோணிய விரல் என்ற ஒன்றை வைத்து ஒருவர் இனி எதற்கும் ஆக மாட்டார் என்று முடிவுகட்டுவது எவ்வளவு தப்பு என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அவ்வளவு பெரிய பெயர்களை விடுங்கள். குழந்தையில் போலியோ வந்து, காலைத் தாங்க மாட்டும் காலிப்பர் சட்டமும் ஊன்றுகோலுமாக வளர்ந்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு நோய் வந்து பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடி பலவீனமாகின்றன, போலியோ பின்விளைவு என்று அதற்குப் பெயர். ஊன்றி ஊன்றித் தோள்பட்டையும் தேய்ந்துபோகிறது. அது அவர்களுக்கு இரண்டாவது இழப்பு, லேசானதில்லை. ஆனாலும் சக்கர நாற்காலிக்கு மாறச் சொன்னால் இவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்: அகலம் எவ்வளவு, ஆட்டோவில் ஏறுமா, பாத்ரூம் கதவுக்குள் நுழையுமா? முதல்முறையாக மூட்டு தேய்ந்து வருபவரிடம் அந்தக் கேள்விகள் வர மாதக்கணக்கில் ஆகிறது. எந்தப் படியில் எந்தக் காலை முதலில் வைப்பது, தாழ்வான நாற்காலியிலிருந்து எப்படி எழுவது, கூச்சமில்லாமல் ஒருவரிடம் கை கேட்பது எப்படி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வயதாகிறவர்களுக்கு வாத்தியாராக இருக்க வேண்டியவர்கள் அவர்கள். இளக்காரம் அவர்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டதால் நமக்குத்தான் நட்டம்.

பொது இடங்களிலும் இதுதான் கதை. சென்னை மெரினாவில் மணலைத் தாண்டி அலை அருகே போக 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வருடக்கணக்கில் கேட்டு வாங்கியது அது. தாழ்தளப் பேருந்துக்காக அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். மணலில் கால் புதைந்து நடக்க முடியாத தாத்தாவுக்கும், உயரப் படியில் ஏற முடியாத பாட்டிக்கும் அதன் பலன் போய்ச் சேருகிறது. தங்களை அவர்களோடு சேர்த்துப் பார்க்க மறுத்த முதியவர்கள் அன்று கூட நின்று கேட்டிருந்தால் இவை இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இனி உங்கள் அப்பா. நான் பார்த்தவர்கள் எல்லோரும் எப்படியோ ஆஸ்பத்திரி வரை வந்தவர்கள், வர மறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் மனதை வைத்து நான் பேசவில்லை. அந்த எல்லைக்குள் சில விஷயங்கள். முதலில், அவர் ஏன் விழுந்தார் என்று சரியாகப் பார்த்தாயிற்றா? எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ தலைசுற்ற வைக்கிறதா, சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறதா, கண்புரை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதில் ஏதாவது இருந்தால் தடி மட்டும் காப்பாற்றாது. குளியலறையில் சுவரில் பிடிக்கக் கம்பி, வழுக்காத தரை, ராத்திரி எரியும் விளக்கு, இவை இந்த வாரமே செய்யக் கூடியவை.

குடை நல்ல ஊன்றுகோல் இல்லை என்பதை அவரிடம் ஆசிரியரிடம் பேசுவது போலக் காரணத்தோடு சொல்லுங்கள். அதன் நுனி வழுக்கும், உயரம் அவருக்கு அளந்து செய்தது அல்ல, எடை தாங்கினால் கம்பி வளையும். கைத்தடி என்றால், அவர் செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு மடியும் கோட்டளவுக்குப் பிடி வர வேண்டும், ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும். வலது மூட்டு வலிப்பதால் தடி இடது கையில். இதைப் பலர் மாற்றிப் பிடித்துவிட்டு, பிரயோசனமில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். அடி ரப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். காது மிஷினை ஒரேயடியாக நாள் முழுக்க மாட்டச் சொல்லாமல், முதலில் வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் பேரக் குழந்தைகளோடு பேசும்போது மாட்டட்டும். இரைச்சல் அதிகமாக இருந்தால் அதைச் சரிசெய்து தருவார்கள், திரும்பக் கொண்டுபோங்கள்.

“நீங்க ஒண்ணும் நொண்டி இல்லப்பா, இது சும்மா ஒரு சப்போர்ட்டுக்கு” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்பாகத்தான் வரும் அந்த வாக்கியம். ஆனால் நொண்டியாக இருப்பது கேவலம் என்பதை அது ஒத்துக்கொள்கிறது, அடுத்த வருடம் வாக்கர் தேவைப்பட்டால் அவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. அதற்குப் பதில், அவர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் இருந்தால் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் காபி குடிக்க உட்கார வையுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள். அத்தனை வருடம் அந்தக் காலோடு அவர் எப்படி வேலைக்குப் போனார், எப்படி பஸ் ஏறினார் என்று கேளுங்கள். அப்பா தடியோடு வெளியே கிளம்பும் முதல் நாள் அவரோடு தெருமுனை வரை நீங்களும் நடந்து போங்கள். பார்க்க மனசு வரவில்லை என்று எழுதினீர்களே, அது ஓரிரு வாரத்தில் பழகிவிடும் என்பதை எத்தனையோ மகள்களிடம் பார்த்திருக்கிறேன். நடந்து பார்த்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தடியின் உயரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதையும் கேளுங்கள், சொல்கிறேன்.